குட்டையிலும் கண்மாயிலும் மோட்டாரின் வாய் அடைக்காமல் இருக்க

நீங்கள் எழுதியிருக்கும் நிலை இது. பண்ணைக்குட்டையில் 5 எச்.பி. மோட்டார், 3 அங்குல உறிஞ்சு குழாய், அதன் நுனியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஓட்டுகிறீர்கள். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் குறைந்து மோட்டார் காற்றுப் பிடிக்கிறது. ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தால் பாசி உருண்டையாக அப்பியிருக்கிறது. உள்ளே எதுவும் போகாமல் இருக்கட்டும் என்று கொசுவலையை இரண்டு சுற்றுச் சுற்றினீர்கள். அதன் பிறகு பத்து நிமிடம்கூட ஓடவில்லை.

முதலில் அந்தக் கொசுவலையை அறுத்து எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாத விவசாயியை நான் பார்த்ததே இல்லை, நானும் செய்திருக்கிறேன். குப்பை வருகிறது, ஆகவே சல்லடையை இன்னும் நெருக்கமாக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் அடைப்புக்குக் காரணம் குப்பை மட்டும் அல்ல. குப்பை குட்டையில் எப்போதும் இருக்கிறது. அதைக் குழாயின் வாய்க்கு இழுத்துவந்து அழுத்திப் பிடித்துக்கொள்வது தண்ணீரின் வேகம். வேகத்தைக் குறைத்தால் பாசி பாசியின் இடத்திலேயே கிடக்கும். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: சல்லடை நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை, பெரிதாக இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மோட்டார் நொடிக்கு 10 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் என்பது 10,000 கன சென்டிமீட்டர். 3 அங்குல ஃபுட் வால்வின் கூடையில் உள்ள துளைகளின் மொத்தப் பரப்பு 110 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் நொடிக்கு 90 சென்டிமீட்டர் வேகத்தில் நுழைகிறது. அதாவது நொடிக்கு மூன்று அடி. வாய்க்கால் தண்ணீர்கூடப் பல இடங்களில் அவ்வளவு வேகமாக ஓடாது. அந்த வேகத்தில் பாசி, இலை, தலைப்பிரட்டை, மீன்குஞ்சு எல்லாம் வந்து ஒட்டத்தான் செய்யும். பாதித் துளை அடைபட்டதும் மீதித் துளைகளில் வேகம் இரட்டிப்பாகிறது. வேகம் இரட்டிப்பானால் அழுத்திப் பிடிக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் அடைப்பு மெதுவாகத் தொடங்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் திடீரென்று முற்றிவிடுகிறது. கொசுவலை சுற்றியதும் திறந்த பரப்பு மேலும் சுருங்கியது. நீங்கள் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்திலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கினீர்கள்.

இப்போது அதே ஃபுட் வால்வை 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்முக்குள் வைக்கிறோம். டிரம்மின் சுவரில் 12 மில்லிமீட்டர் துளைகள் 1,000. ஒரு துளையின் பரப்பு ஏறக்குறைய 1.13 சதுர சென்டிமீட்டர்; மொத்தம் 1,130. நுழையும் வேகம் நொடிக்கு 9 சென்டிமீட்டர். வேகம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. பிடிக்கும் விசையோ நூறில் ஒரு பங்கு. பாதித் துளைகள் அடைபட்டாலும் வேகம் 18 சென்டிமீட்டர்தான். ஒப்பிட ஒரு அளவு சொல்கிறேன். மின் நிலையங்கள் நீர் எடுக்கும் வாயில் மீன்கள் சிக்கிச் சாகாமல் இருக்க, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2014இல் வெளியிட்ட விதியில் ஏற்றுக்கொண்ட வழிகளில் ஒன்று, சல்லடைக்குள் நுழையும் வேகத்தை நொடிக்கு அரை அடிக்குள், அதாவது ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்குள் வைத்திருப்பது. மீன்குஞ்சு நீந்தித் தப்பிக்கக்கூடிய வேகம் அது. மீனுக்குப் பாதுகாப்பான வேகம் மோட்டாருக்கும் நல்லதாகவே அமைகிறது.

டிரம்மைச் செய்யும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். பூச்சிமருந்து, ரசாயனம் வந்த டிரம் வேண்டாம்; எத்தனை முறை கழுவினாலும் அது குட்டைக்குள் போகக் கூடாது. எண்ணெய், சர்க்கரைப்பாகு போன்ற உணவுப் பொருள் வந்த டிரம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். துளைகளைச் சுற்றிலும் மேலிருந்து கீழ்வரை பரவலாகப் போடுங்கள். ஒரே பக்கமாகப் போட்டால் கணக்கு எல்லாம் வீண். தண்ணீர் எப்போதும் ஃபுட் வால்வுக்கு அருகில் உள்ள துளைகள் வழியாகவே அதிகம் வரப் பார்க்கும். எனவே ஃபுட் வால்வு டிரம்மின் நட்ட நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல் நிற்க வேண்டும். இந்தச் சமமின்மை எப்படியும் ஓரளவு இருக்கும் என்பதால், கணக்கில் வந்ததைவிடக் கூடுதலாகத் துளை போடுவது நல்லது. 1,000 என்பது குறைந்த அளவு, 1,500 போட முடிந்தால் போடுங்கள். டிரம்மின் அடியில் துளை வேண்டாம். அங்கே துளை இருந்தால் அது சேற்றைத்தான் இழுக்கும். மேல்வாயை மூடி போட்டு மூடி, குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பிளாஸ்டிக் தண்ணீரைவிட எடை குறைந்தது, தானாக மூழ்கி நிற்காது. அடியில் நான்கைந்து கருங்கற்களைப் போட வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று துளையின் விளிம்பு. துளையிட்ட பிறகு பிசிறு நிற்கும். உள்ளேயும் வெளியேயும் அதைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். காரணம் நூல்பாசி. தலைமயிர் போல நீளமாக வளரும் அந்தப் பாசியின் ஒரு நுனி ஒரு துளையிலும் மறு நுனி அடுத்த துளையிலும் நுழைந்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள கம்பியின் மேல் கொண்டையூசி மாட்டியதைப் போல உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று. இரும்பு வலை, கோழி வலை, நைலான் வலை எல்லாவற்றிலும் இது நடக்கும், ஏனெனில் வலையில் துளைகளுக்கு இடையே இருப்பது மெல்லிய இழைதான். டிரம்மில் இரண்டு துளைகளுக்கு நடுவே ஓர் அங்குல அகலத்துக்கு வழுவழுப்பான சுவர் இருக்கிறது. நூல்பாசி அதன் மேல் தொங்கினாலும் மோட்டாரை நிறுத்தியதும் வழுக்கி விழுந்துவிடுகிறது. நல்ல சல்லடைக்கு அடையாளம் இதுதான்: மோட்டார் நின்றதும் ஒட்டியவை தாமாக உதிர வேண்டும்.

டிரம் கிடைக்காவிட்டால் தக்காளி, கத்தரிக்காய் அடுக்கி வரும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டி அதற்குள் ஃபுட் வால்வை வைக்கலாம். சின்ன மோட்டாருக்கு அதுவே போதும். எங்கள் பக்கத்தில் ஆயில் இன்ஜின் காலத்தில் மூங்கில் கூடைக்குள் குழாயை இறக்குவார்கள். கூடை இரண்டு பருவத்தில் மட்கிப்போகும், ஆனால் செய்தது சரியான வேலை.

மெல்லிய துகள்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு 130 மைக்ரான் அளவுக்கு வடிகட்ட வேண்டும் என்பது உண்மை. கடையில் 120 மெஷ் என்று சொல்வது அதைத்தான். அந்த வேலை மோட்டாருக்குப் பின்னால் நடக்க வேண்டும், முன்னால் அல்ல. குட்டைத் தண்ணீருக்கு முதலில் மணல் வடிகட்டி, அதற்குப் பிறகு தட்டு வடிகட்டி. வெளியே தள்ளும் பக்கத்தில் மோட்டாருக்கு இருபது மீட்டர் அழுத்தம் கையில் இருக்கும், வடிகட்டியில் கொஞ்சம் இழந்தால் பாதகமில்லை. உறிஞ்சும் பக்கத்தில் இருப்பது வெறும் காற்றழுத்தம். கடல் மட்டத்தில்கூட அது 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்கு மேல் தூக்காது. நடைமுறையில் 6, 7 மீட்டர்தான். அந்தச் சிறிய கையிருப்பிலிருந்து கொசுவலைக்கு இரண்டு மீட்டரைக் கொடுத்துவிட்டால் மோட்டார் எதைக் கொண்டு தண்ணீர் எடுக்கும்? அப்போதுதான் பம்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதைப் போன்ற சத்தம் வரும். தண்ணீர் உள்ளேயே நீராவிக் குமிழாக மாறி வெடிக்கும் சத்தம் அது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் இலை கறையான் அரித்த பலகை போல ஆகிவிடும்.

அடுத்தது, வாயை எந்த ஆழத்தில் வைப்பது. குட்டையின் மேல்மட்டத்தில் மிதக்கும் பாசி, இலை, பூ, காற்றில் வந்த பிளாஸ்டிக் பை. அடியில் சேறு, மட்கிய வேர், நத்தை. நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய தண்ணீர். மேலிருந்து இரண்டு அடிக்குக் குறையாமல் ஃபுட் வால்வு மூழ்கியிருக்க வேண்டும். உங்கள் குழாய் அளவுக்கும் நீரோட்டத்துக்கும் அதைவிட மேலே வந்தால் சுழி விழுந்து, மேலிருக்கும் பாசியையும் காற்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அடியிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். டிரம்மை நான்கு செங்கல் தூண் மேலோ, பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டை என்றால் விரிப்பைக் கிழிக்காத வகையில் மணல் மூட்டைகள் மேலோ நிறுத்துங்கள்.

நடுத் தண்ணீரைத் தனியாக, சேற்றுத் தண்ணீரைத் தனியாக எடுப்பது நமக்குப் புதிதல்ல. புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களின் உள்ளே, கரையிலிருந்து தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குமிழித்தூம்பு. தூண்களுக்குக் கீழே தரைமட்டத்தில் ஒரு கல்தொட்டி. அதன் மேற்புறத் துளை நீரோடி. கீழே இருக்கும் சிறு துளைகள் சேறோடி. மேற்துளையின் அடைப்பைத் தூக்கும்போது தெளிந்த தண்ணீர் அதன் வழியாகவும், அடியில் படிந்த வண்டல் கலந்த தண்ணீர் சேறோடி வழியாகவும் போய், கரைக்கு அடியில் ஓடும் சுரங்க வாய்க்காலில் சேர்ந்து வயலுக்கு வண்டலோடு போகும். வாயைச் சுற்றிச் சேறு கட்டாமல் அந்த அமைப்பே பார்த்துக்கொண்டது. கண்மாய்க்குள் இறங்கி ஒரு குமிழித்தூம்பைக் கிட்டே நின்று பார்த்த பிறகுதான், தண்ணீர் எடுக்கும் வாய் என்பது ஒரு குழாயின் நுனி அல்ல, அது தனியாகத் திட்டமிட்டுக் கட்ட வேண்டிய ஒன்று என்று எனக்குப் புரிந்தது. இன்றும் பெரிய நீர்த்தேக்கங்களில் உறிஞ்சு கோபுரம் கட்டி, பல மட்டங்களில் வால்வு வைக்கிறார்கள். கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி அணையில் அப்படித்தான். நீர்மட்டம் இறங்க இறங்க அடுத்த வால்வைத் திறப்பார்கள்.

நம் குட்டைக்குக் கோபுரம் கட்ட முடியாது. அதற்குப் பதில் மிதவை. மார்கழியில் எட்டு அடி இருக்கும் தண்ணீர் பங்குனியில் மூன்று அடிக்கு வந்துவிடும். ஒரே இடத்தில் நிறுத்திய வாய் அப்போது சேற்றுக்கு அருகில் நிற்கும். காற்றடைத்த லாரி டியூபோ, இறுக்கி மூடிய இரண்டு 35 லிட்டர் கேனோ போதும். அதிலிருந்து கயிற்றில் ஃபுட் வால்வும் சல்லடையும் இரண்டரை அடி ஆழத்தில் தொங்கும். கரையிலிருந்து அதுவரை, உள்ளே சுருள்கம்பி வைத்த வளையும் ஹோஸ். சாதாரண ஹோஸ் போட்டால் உறிஞ்சும்போது சப்பிப்போகும். மிதவைக்கு 200 லிட்டர் டிரம் கனமாக இருக்கும். கிரேட் கூண்டுதான் பொருத்தம். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் வாய் எப்போதும் நடுத் தண்ணீரிலேயே இருக்கும். வாய்க்கு அடியில் ஒன்றரை அடி இடைவெளி இல்லாத அளவுக்குத் தண்ணீர் இறங்கிவிட்டால் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசித் தண்ணீர் மீனுக்கும் ஆடுமாட்டுக்கும் உரியது. அதை எடுக்கப் போனால் மோட்டாருக்குக் கிடைப்பதும் சேறுதான்.

இடம் பார்ப்பதில் காற்றை மறக்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆகாயத்தாமரை பறக்காதா? தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடி, ஆவணியில் மிதப்பவை எல்லாம் குட்டையின் வடகிழக்கு மூலைக்கு ஒதுங்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பியதும் எதிர்ப்பக்கம் வரும். நீங்கள் அதிகம் தண்ணீர் எடுப்பது கோடையிலும் ஆடியிலும் என்றால், வாய் தெற்கு அல்லது மேற்குக் கரைப் பக்கம் இருக்கட்டும். மோட்டார் கொட்டகை எதிர்க்கரையில் இருந்தால் அதை மாற்றச் சொல்லவில்லை. வாயைச் சுற்றி ஒரு மிதக்கும் வேலி போடுங்கள். 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்களை இரு பக்கமும் மூடி ஒட்டி, ஒன்றோடொன்று கயிற்றால் கோத்து, பத்துப் பன்னிரண்டு அடி ஆரத்தில் அரைவட்டமாக மிதக்க விடுங்கள். குழாயிலிருந்து ஒன்றரை அடி ஆழத்துக்குப் பழைய மீன்வலை தொங்கட்டும், அடியில் ஈயக்குண்டோ சின்னக் கல்லோ கட்டி. வாயிலிருந்து இவ்வளவு தள்ளி இருப்பதால் அங்கே இழுப்பே இருக்காது. வலையில் எதுவும் அப்பாது, மிதந்து வருவது அங்கேயே நிற்கும். வாரம் ஒருமுறை வாரிக் கரையில் போட்டால் எருவாகும்.

ஆகாயத்தாமரை, சில ஊர்களில் வெங்காயத்தாமரை என்பது, வேறு ரகம். அது குப்பை அல்ல, படை. தென்னமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். இன்று ஒரு மூலையில் கால் பங்கு என்றால், ஒரு மாதத்தில் குட்டை முழுவதும். விதை சேற்றில் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும் என்பதால் பூப்பதற்கு முன் எடுக்க வேண்டும். 30 மீட்டருக்கு 30 மீட்டர் குட்டையில் கையால் எடுப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது. நான்கு பேர் ஒரு நாளில் எடுத்துவிடலாம். பெரிய கண்மாய்களில் நியோகெட்டினா என்ற சின்னக் கூன்வண்டைக் கொண்டு கட்டுப்படுத்தலாம். 1980களில் பெங்களூருப் பகுதி ஏரிகளில் அதை விட்டுப் பார்த்து நல்ல பலன் கண்டார்கள். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. வேர் நறுங்கிய செடிகளை மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும் போது பொறுத்திருக்க முடியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எடுத்த செடியைக் கரையோரத்திலேயே குவித்துவிடாதீர்கள். அடுத்த மழை அதை அப்படியே உள்ளே தள்ளிவிடும்.

இனி உங்கள் குட்டையில் ஏன் மூன்றாம் ஆண்டில் பாசி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். புதுக் குட்டையில் சத்துக் குறைவு. இரண்டு மழைக்காலத்தில் வயலில் இட்ட உரமும், சாணமும், மேல்மண்ணும் வந்து சேர்ந்துவிட்டன. பாசிக்கு மணிச்சத்து கிடைத்தால் போதும், வெயில் நம் ஊரில் குறையில்லை. எனவே தண்ணீர் உள்ளே வரும் வழியைச் சீர்செய்யுங்கள். குட்டைக்கு முன்னால் ஒரு சின்ன வண்டல் குழி, ஆறடிக்கு ஆறடி, மூன்றடி ஆழம். வரும் தண்ணீர் அதில் நின்று வண்டலை இறக்கிவிட்டு மேலாக வழிந்து குட்டைக்குப் போகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் குழியை வெட்டி வயலில் போட்டால் போட்ட உரம் திரும்பிக் கிடைக்கும். வரத்து வாய்க்காலின் இரு பக்கமும் வெட்டிவேர் நட்டால் அது நல்ல வடிகட்டி. மாட்டை உள்ளே இறக்கிக் குளிப்பாட்டுவதை நிறுத்தி, வெளியே ஒரு தொட்டி கட்டிக்கொள்ளுங்கள்.

பாசிக்குத் துத்தம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாசியைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் கொன்ற பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். மறுநாள் விடியலில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மிதக்கும். நீலப்பச்சைப் பாசி என்றால் சாகும்போது தன் உடலுக்குள் இருக்கும் நச்சைத் தண்ணீரில் விட்டுவிடும், ஆடுமாடு குடிக்கும் தண்ணீர் அது. தாமிரமோ சேற்றில் தங்கிவிடும். சல்லடையில் தீர்க்க வேண்டியதை மருந்தில் தீர்க்கப் போகாதீர்கள். வேலம்பாசி போல அடியில் வேர்விட்டு வளரும் செடிகளுக்குப் புல்கெண்டை நல்லது. மண்டிக் கிடக்கும் வேலம்பாசியை மேய்ந்து தீர்த்துவிடும். நம் குட்டைகளில் அது தானாக இனப்பெருக்கம் செய்யாது என்பதால் எண்ணிக்கை கைமீறாது. ஆனால் ஆகாயத்தாமரையை அது சீண்டாது. தின்ற சத்து எச்சமாகத் தண்ணீருக்கே திரும்பும் என்பதால் தண்ணீர் கொஞ்சம் பச்சையாக மாறக்கூடும். அந்தப் பச்சை சல்லடையை அடைக்காது, மணல் வடிகட்டிக்குத்தான் வேலை வைக்கும்.

அடைப்பு என்று நீங்கள் நினைப்பது அடைப்புத்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட்டரில் ஆம்பியர் மீட்டர் இருக்கும். சல்லடை சுத்தமாக இருக்கும் நாளில் ஓடும் ஆம்பியரைச் சுவரில் எழுதி வையுங்கள். வாய் அடைபட்டால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் இந்த வகைப் பம்பில் ஆம்பியரும் குறையும். ஆம்பியர் கூடினால் சிக்கல் வேறு: இம்பெல்லரில் ஏதோ உரசுகிறது, அல்லது பேரிங் போய்விட்டது, அல்லது மின்னழுத்தம் குறைவு. நிறுத்தி மறுபடி போடும்போது தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கிறது என்றால், ஃபுட் வால்வின் நாக்குக்கு அடியில் நத்தை ஓடோ குச்சியோ மாட்டி அது மூடாமல் இருக்கிறது. சல்லடை சுத்தமாகவே இருக்கும், ஆனாலும் தண்ணீர் இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் இணைப்பில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் காற்றுப் பிடிக்கும்; அதற்கு ஃபுட் வால்வை நூறு முறை கழுவியும் பயனில்லை. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வெற்றிட மானி வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. சில நூறு ரூபாய்ச் சாமான். முள் வழக்கத்தைவிட ஏறினால் வாய் அடைக்கிறது. இறங்கினால் காற்றுப் போகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ரிலே ஒன்றும் ஸ்டார்ட்டரில் போட்டுவிடுங்கள், ஒரு முறை காப்பாற்றினாலே அதன் விலை திரும்பிவிடும்.

டிரம்மைத் தூக்காமலே கழுவ ஒரு வழி இருக்கிறது. மோட்டாரின் வெளியேற்றுக் குழாயிலிருந்து ஓர் அங்குலக் கிளை எடுத்து, கையால் திருப்பித் திறந்து மூடும் ஒரு பந்து வால்வு (ball valve) வைத்து, டிரம்மின் உள்ளே செங்குத்தாக இறக்குங்கள். அந்தக் குழாயில் 3 மில்லிமீட்டர்த் துளைகள், டிரம்மின் சுவரை நோக்கி. வால்வைத் திறந்தால் தண்ணீர் உள்ளிருந்து வெளியே பீச்சி, ஒட்டியதைத் தள்ளிவிடும். காலையில் தொடங்கும்போதும் பகலில் ஒருமுறையும் இரண்டிரண்டு நிமிடம் போதும். பெரிய நீரேற்று நிலையங்களில் அழுத்தக் காற்றை உள்ளிருந்து வெடிக்கவிட்டுச் சல்லடையைக் கழுவுகிறார்களே, அதே தத்துவம்.

கண்மாயிலிருந்தோ பெரிய நீர்த்தேக்கத்திலிருந்தோ எடுப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம். அங்கே முதல் தடுப்பு மிதக்கும் மரக்கட்டை வரிசை. அடுத்து, சாய்வாக நிறுத்திய கம்பி அடைப்பு. செங்குத்தாக நிறுத்தாமல் சாய்ப்பதன் காரணம், குப்பையை மேலிருந்து வாருகோலால் இழுத்து ஏற்றலாம் என்பது. அதன் பிறகுதான் சல்லடை. இத்தனையும் இருந்தும் இயற்கை மிஞ்சும். கல்பாக்கம் அணுமின் நிலையம் கடலுக்குள் 468 மீட்டர் சுரங்கம் போட்டுக் குளிர்விக்கும் நீரை எடுக்கிறது. மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீன்கள் கூட்டமாக வரும் பருவத்தில் அங்கேயும் சல்லடைகள் திணறுகின்றன. ஆகவே கண்மாய்ப் பாசனச் சங்கங்களுக்கு நான் சொல்வது, இடவசதி இருந்தால் நேரடியாக நீர்நிலைக்குள் வாயை வைக்காதீர்கள் என்பதுதான். கரையை ஒட்டி, கரைக்குச் சேதம் வராத தொலைவில், உரிய அனுமதியோடு, ஓர் உறைகிணறு இறக்குங்கள். கண்மாயின் உள்பக்கம் சரளையும் மணலும் நிரப்பிய படுகையில் துளையிட்ட குழாய்களைப் புதைத்து அந்தக் கிணற்றில் சேருங்கள். தண்ணீர் மணலில் வடிந்து வரும். பாசி மணலுக்கு மேலேயே நின்றுவிடும். காவிரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகைகளில் குடிநீர்த் திட்டங்கள் கிணறு இறக்கி, மணலுக்குள் குழாய்களை நீட்டித் தண்ணீர் எடுப்பது இதே முறைதான். செலவு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மேல்மணலைச் சுரண்டி மாற்றவும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு மனிதர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கும் வேலை ஒழியும்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அடைப்பு எடுக்கப் போய் உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் விரித்த குட்டையின் சரிவு பாசி பிடித்தால் கண்ணாடி. உள்ளே விழுந்தவர் நீச்சல் தெரிந்தாலும் ஏறி வர முடியாது. நான்கு பக்கமும் முடிச்சிட்ட கயிறு அல்லது பழைய டயர்களைக் கோத்த ஏணி தொங்கட்டும். மோட்டார் ஓடும்போது வாய்க்கு அருகில் கையோ காலோ கொண்டுபோகக் கூடாது. 3 அங்குலக் குழாய் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டால் ஆளே இழுத்தாலும் விடாது. ஸ்டார்ட்டரை நிறுத்தினால் மட்டும் போதாது, மெயினை இறக்கி ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில், தானாக இயங்கும் ஸ்டார்ட்டர் நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது மோட்டாரை ஓடவிட்டுவிடும். நீர்மூழ்கி மோட்டார் போட்டிருப்பவர்கள் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுமின் தடுப்பான் இல்லாமல் குட்டையில் காலை வைக்காதீர்கள். சிறுவர்களை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

உங்களைப் பொறுத்தவரை, இந்த வாரம் கொசுவலையை எடுத்துவிட்டு, டிரம்மைத் துளைத்து இறக்குங்கள். அதிலேயே தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். மிதக்கும் வேலி அடுத்த வாரம். வண்டல் குழியும் வெட்டிவேரும் மழைக்கு முன் முடியட்டும். மிதவை முறைக்கு மாறுவதானால், மிதவையைக் கரையோடு கட்டும் கயிற்றையும் ஹோஸையும் இப்போதைய நீர்மட்டத்துக்கு அளந்து வெட்டிவிடாதீர்கள். குட்டை நிரம்பி வழியும் நாளின் மட்டத்துக்கு அளந்து, அதற்கு மேல் மூன்று அடி விட்டு வெட்டுங்கள். கயிறு போதாமல் மிதவை ஒரு பக்கமாக மூழ்கி, வாய் சேற்றில் குத்தி நின்ற குட்டைகளை ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்க்கிறேன்.